பட்டன் போடப் பழகும் வயது

673ஆம் ஆண்டு வங்கத்தின் தாம்ரலிப்தித் துறைமுகத்தை அடைவதற்குச் சற்று முன், சீனத் துறவி யீஜிங் ஏறிவந்த கப்பல் ஒரு தீவை நெருங்கியது. கரையெங்கும் தென்னை, பாக்கு. கப்பலைக் கண்டதும் சிறுசிறு தோணிகள் நூறு போலப் புறப்பட்டு வந்தன. தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புப் பொருள்களும் கொடுத்து அந்த மக்கள் இரும்பு கேட்டார்கள். ஆண்கள் உடம்பில் எதுவும் இல்லை. பெண்கள் முன்புறம் இலை கட்டியிருந்தார்கள். வணிகர்கள் விளையாட்டாகத் தங்கள் துணிகளை நீட்டினார்கள். அவர்களோ வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்கள். யீஜிங் எழுதிவைத்த அந்தத் தீவு நிக்கோபார்தான் என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு.

இதைப் பார்த்து எழுதியவர் உடை விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். துறவிகளின் ஒழுக்க விதிகளை அவை பிறந்த நாட்டிலேயே கண்டறிந்து எழுதிக்கொண்டு போகத்தான் யீஜிங் கடல் கடந்தார். சீவரம் எனப்படும் துறவாடையை எப்படித் தைப்பது, தோளில் எப்படிப் போர்த்துவது, இடுப்பில் எப்படிக் கட்டுவது என்று அவருடைய நூலில் விரிவான பகுதிகள் உண்டு. அது அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. தேரவாத பௌத்தத்தில் துறவியின் அன்றாட நடத்தைக்கான பயிற்சி விதிகள் 75. முதல் இரண்டும் உடுத்துவது பற்றியவை: கீழாடை சுற்றிலும் ஒரே அளவாகத் தொங்கும்படி கட்ட வேண்டும், மேலாடையையும் அப்படியே போர்த்த வேண்டும். எப்படி நடப்பது, எப்படி உண்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இலங்கையின் விகாரைகளில் தலை மழித்துச் சேரும் சிறுவன் இன்றும் தன் சீவரத்தைத் தானே கட்டப் பழகியாக வேண்டும்.

ஆக, உடுத்தக் கற்பதை வெறும் கைவேலையாக எண்ணாத பெரிய மதம் ஒன்று உண்டு. அதே கடலில், நீட்டிய துணியை வேண்டாம் என்று சொல்லி நிம்மதியாக வாழ்ந்த மக்களும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் முன் சட்டையை நீட்டி நிற்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

பள்ளிக்கு நேரமாகும் காலையில் இது யாருக்கும் தோன்றாது. அந்தமானில் காலை இன்னும் அவசரமானது. நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு டெல்லி நேரத்தைப் பின்பற்றும் தீவுகள் என்பதால் ஐந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும். வெயில் ஏறுமுன் புழுக்கம் ஏறும். மழை மாதங்களில் முதல்நாள் துவைத்த யூனிபாரம் காயாமல் ஈரவாடையோடு கொடியில் கிடக்கும். இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் அளவில் தமிழர்கள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அவர்களுடைய வீடுகளில் காலையில் கேட்கும் வார்த்தைகள் மதுரையிலோ தூத்துக்குடியிலோ கேட்பவைதான். ‘கையை நுழை’, ‘அந்தக் கை இல்ல, இந்தக் கை.’ பிறகு, குளித்துவிட்டு அப்படியே ஓடும் பிள்ளையைத் துரத்திக்கொண்டு, ‘ஷேம் ஷேம்! அக்கா பாக்குறா பாரு, வெக்கமா இல்ல?’

இங்கே இரண்டு பாடங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று கைக்கு: சட்டையின் முன்பக்கம் எது, காஜாவுக்குள் பட்டனை எப்படித் தள்ளுவது. இன்னொன்று மனதுக்கு: உன் உடம்பு கூச வேண்டிய ஒன்று. முதல் பாடம் அவசியம். இரண்டாவது அவசியமா என்பதுதான் கேள்வி. உடையோடு சேர்த்து வெட்கத்தையும் மாட்டிவிட்டால்தான் குழந்தை ஒழுக்கமாக வளரும் என்ற நம்பிக்கை பல மதங்களின் பெயரால் சொல்லப்படுகிறது. தமிழின் முதன்மையான அறநூல் அப்படிச் சொல்லவில்லை.

திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. செய்யத் தகாத செயலை எண்ணிக் கூசுவதுதான் நாணம் என்று முதற்குறளிலேயே வள்ளுவர் வரையறுத்துவிடுகிறார். பெண்களிடம் காணும் நாணம் வேறு என்று தனியே ஒதுக்குகிறார். அடுத்த குறள் இன்னும் கூர்மையானது. உணவு, உடை, மற்றவை எல்லாம் யாவருக்கும் பொது. மனிதருக்குச் சிறப்பு நாணம் என்கிறது. உடை இருக்கும் இடத்தில் நாணம் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடையை உணவோடு சேர்த்துத் தேவைகளின் பக்கம் வைத்தார். நாணத்தைப் பண்புகளின் பக்கம் வைத்தார். குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது இந்தப் பிரிவை நினைவில் வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தமான், நிக்கோபார் தீவுகளின் வரலாற்றைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

1858 மார்ச்சில் போர்ட் பிளேயரில் கைதிகள் குடியிருப்பு தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1863இல், அங்கிருந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் பழங்குடிகளுக்கென ஓர் ‘அந்தமான் இல்லம்’ அமைத்தார். காட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட கிரேட் அந்தமானியர்களுக்கு அங்கே ஆங்கில எழுத்தும் வேலைப் பழக்கமும் துணி உடுத்துவதும் கற்றுக்கொடுக்கப்பட்டன. அதே தீவில் பின்னர் குழந்தைகளுக்கென்று ஓர் அநாதை விடுதியும் வந்தது. கார்பின் படித்து வளர்ந்த வேதாகமத்தில் மனிதனின் முதல் உடை குற்ற உணர்விலிருந்து பிறக்கிறது. விலக்கப்பட்ட கனியைத் தின்ற பிறகுதான் ஆதாமும் ஏவாளும் தாங்கள் நிர்வாணிகள் என்று அறிந்து அத்தி இலைகளைத் தைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதையோடு வளர்ந்த ஒருவருக்குத் துணியில்லாத மனிதன் இன்னும் விழித்தெழாத குழந்தையாகத்தான் தெரிந்திருப்பான்.

அந்தமானியர்கள் குடைந்த தோணியில் போய் ஈட்டியெறிந்து ஆமை பிடித்தவர்கள். வில் செய்யவும் தேன்கூடு எடுக்கவும் நன்கு தெரிந்த அந்த வளர்ந்த மனிதர்கள் மூன்று வயதுப் பிள்ளைகளைப் போல நிற்கவைத்து உடுத்தப்பட்டார்கள். விளைவு தெரிந்ததே. தட்டம்மையும் மேகநோயும் இன்ன பிறவும் அந்த மக்களை வாரிக்கொண்டு போயின. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். கொன்றவை நோய்களே. ஆனாலும் வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் காட்டில், நனைந்து ஒட்டிக் காயாமல் கிடக்கும் துணி அவர்களுக்கு நல்லது செய்திருக்க வழியில்லை.

அந்த மக்களுக்கு உண்மையிலேயே நாணம் இல்லையா? பதில், அவர்களோடு பழகிய ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் எழுத்திலேயே இருக்கிறது. எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1870களில் அந்தமான் இல்லங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர்களுடைய மொழியைக் கற்றவர். அந்தமானியப் பெண்கள் முன்புறம் ‘ஓபுங்கா’ எனப்படும் இலைக்கச்சை அணிவார்கள். வாடிய இலையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும் என்றால், மற்றப் பெண்களின் எதிரில்கூடச் செய்ய மாட்டார்கள், மறைவாகப் போய்விடுவார்கள் என்று மேன் பதிவு செய்திருக்கிறார். நிர்வாணிகள் என்று உலகமே சொன்னவர்களிடம் இவ்வளவு நுட்பமான மறைவுணர்வு இருந்தது. ஒரு சின்ன இலைக்குள் அதற்கு முழு இடம் இருந்தது. ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு சிறுமிக்கு, அவளுடைய அம்மாவோ அத்தையோ அந்த இலையைக் கட்டவும் மாற்றவும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உடுத்தக் கற்றுக்கொடுக்கும் பாடம் கார்பின் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அந்தக் காட்டில் நடந்துகொண்டிருந்தது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. சங்கப் பாடல்களின் இளம்பெண்கள் தழையுடை அணிந்தவர்கள். தலைவன் காதலிக்குக் கொண்டுவரும் பரிசுகளில் தழையாடை முக்கியமானது. ஆம்பல் இலையும் நொச்சித் தழையும் அன்றைக்கு உடை. அது மட்டுமா, மிகச் சமீப காலம் வரை தமிழ் வீடுகளில் தவழும் பிள்ளையின் மொத்த உடுப்பே இடுப்பில் ஓர் அரைஞாண். வசதியுள்ள வீட்டுப் பெண்குழந்தைக்கு அதில் இலை வடிவில் வெள்ளி அரைமூடி. அந்தப் பிள்ளை தெருவில் ஓடினால் யாரும் ‘ஷேம்’ என்று கத்தவில்லை, எடுத்துக் கொஞ்சினார்கள். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுகிறது. செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, நடந்து வருவது, நிலாவை அழைப்பது, சிறுதேர் உருட்டுவது எல்லாம் உண்டு. தானே உடுத்தும் பருவம் என்று ஒன்று இல்லை. அந்தப் புலவர்களுக்கு அது கொண்டாட வேண்டிய எல்லைக்கல்லாகத் தோன்றவில்லை போலும். இன்றைய பெற்றோருக்கு அது பெரிய எல்லைக்கல். இடையில் மாறியிருப்பது உலகம்: பள்ளிக்கூடம் வந்தது, யூனிபாரம் வந்தது, ஜிப்பும் ஹூக்கும் வந்தன.

1906க்கும் 1908க்கும் இடையில் அந்தமானில் களப்பணி செய்த மானிடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரவுன் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் பார்த்த அந்தமானியர் வெள்ளைக் களிமண்ணாலும் கொழுப்பில் குழைத்த செம்மண்ணாலும் உடம்பில் கோலங்கள் வரைந்துகொண்டார்கள். ஆமைக்கறி உண்ட பின் ஒரு பூச்சு, துக்கத்தில் ஒன்று, நடனத்துக்கு ஒன்று. பூப்பெய்திய பெண்ணுக்கு அந்தச் சமயத்தில் காட்டில் எது பூத்திருக்கிறதோ அந்தப் பூவின் பெயரைச் சூட்டினார்கள். தாழையோலைப் பட்டைகளை இடுப்பிலும் கையிலும் கட்டி உட்காரவைத்தார்கள். தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டித் தாவணி உடுத்துவதை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. உடம்பின்மேல் இடப்படும் எதுவும், அது களிமண்ணோ பட்டோ, அந்த ஆள் தன் கூட்டத்துக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதை அவருக்கே உணர்த்துகிறது என்றார் ராட்க்ளிஃப்-பிரவுன். 1922இல் வந்த அவருடைய நூலின் மையமான கருத்துகளில் இது ஒன்று. இந்த வெளிச்சத்தில் பார்த்தால் குழந்தைக்குச் சட்டை மாட்டும் செயலின் முதற்பொருள் ‘நீ எங்களில் ஒருத்தி’ என்பது. ‘உன்னை மறைத்துக்கொள்’ என்பது அதற்கு வெகுதூரம் பின்னால் வருவது.

நிக்கோபார் ஆண்களின் உடை உலகத் தத்துவ வரலாற்றிலேயே ஒரு விசித்திரமான குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. அவர்கள் கட்டியது நீண்ட, ஒடுங்கிய கோவணம். அதன் நுனி பின்னால் தொங்கும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக் கப்பலில் வந்த ஸ்வீடன் மாலுமி ஒருவர் இங்கே வாலுள்ள மனிதர்கள் இருப்பதாக எழுதிவைத்தார். அந்தக் கதை இயற்கை அறிஞர் லின்னேயஸ் வட்டாரம் வரை போனது. ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் மான்போடோ பிரபு 1773இல் மொழியின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் அதை மனித இயல்புக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டார். தொங்கிய துணியைத்தான் அந்த மாலுமி பார்த்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தார் விளக்கினார்கள். தமிழ்நாட்டு உழவர் ஒருவர் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கோவணம் என்று சொல்லியிருப்பார். அடுத்தவர் உடுத்தியிருப்பதை உடையாகப் பார்க்கத் தெரியாதபோது அவரை முழு மனிதராகப் பார்க்கவும் தெரியாமல் போகிறது. குழந்தைகள் விஷயத்திலும் பெரியவர்கள் இந்தத் தவறைச் செய்வதுண்டு. பனியனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, இடதுகால் செருப்பை வலதுகாலில் போட்டுக்கொண்டு பெருமையாக வந்து நிற்கும் பிள்ளை தன் கணக்கில் முழுமையாக உடுத்தியிருக்கிறது.

அந்தப் பெருமையை என்ன செய்வது என்பதில்தான் கல்வியின் தத்துவம் தொடங்குகிறது. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதிய நூலில் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையிலான இரண்டாம் கட்டத்தில் குழந்தைக்குள் இரண்டு உணர்வுகள் மோதுகின்றன என்றார். ஒன்று ‘நானே செய்வேன்’ என்ற தன்னாட்சி. எதிரில் நிற்பது வெட்கமும் ஐயமும். குழந்தை சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ‘நானு, நானு’ என்று கத்துவது சரியாக இந்த வயதில்தான். அதே வயதில்தான் வீட்டார் ‘ஷேம் ஷேம்’ சொல்லவும் ஆரம்பிக்கிறார்கள். அளவுக்கு மீறி வெட்கப்படுத்தப்பட்ட குழந்தை ஒழுக்கம் கற்பதில்லை, யாரும் பார்க்காதபோது நினைத்ததைச் செய்துகொள்ளும் பிடிவாதத்தைத்தான் கற்கிறது என்று எரிக்சன் எச்சரித்தார். வள்ளுவரின் வரையறையோடு இதை வைத்துப் பார்க்கலாம். பிறர் கண்ணுக்கு அஞ்சுவது ஒன்று, செயலை எண்ணிக் கூசுவது இன்னொன்று. முன்னதை அதிகமாக ஊட்டினால் பின்னது வளர்வதில்லை.

இந்தச் சிந்தனைக்கு மரத்தாலும் துணியாலும் உருவம் கொடுத்த பெண்மணி ஏறக்குறைய பத்தாண்டுகள் இந்தியாவோடு இணைந்திருந்தார். மரியா மாண்டிசோரி 1939இல் தியாசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். போர் மூண்டு, இத்தாலியக் குடிமகள் என்பதால் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானார். சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்து பணியைத் தொடர்ந்தார். அவருடைய வகுப்பறைச் சாதனங்களில் ஒன்று உடுத்தும் சட்டகம். சதுர மரச்சட்டத்தில் இரண்டு துணித் துண்டுகள். ஒன்றில் பெரிய பட்டன், ஒன்றில் சிறிய பட்டன், மற்றவற்றில் ஹூக், நாடா, பக்கிள் என்று தனித்தனிச் சட்டகங்கள். குழந்தை அதை மேசைமேல் வைத்துப் பூட்டவும் கழற்றவும் பழகும். உடம்பில் மாட்டியிருக்கும் சட்டையில் பட்டன் போடுவதென்றால் தலையைக் குனிந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோணத்தில், பின்னால் நின்று அவசரப்படுத்தும் அம்மாவின் குரலையும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். சட்டகம் அந்த வேலையை உடம்பிலிருந்தும் அவசரத்திலிருந்தும் பிரித்துத் தந்தது. வெட்கம் நுழைய அங்கே இடமே இல்லை.

மாண்டிசோரி எழுதிய ஒரு சம்பவம் இங்கே சொல்லப்பட வேண்டியது. 1907இல் ரோமின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய தம் முதல் குழந்தைகள் இல்லத்தில், ஒருநாள் அவர் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், பிறர் கவனிக்காதபடி மூக்கைச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை. முடித்ததும் கைதட்டினார்கள். பிறகுதான் அவருக்குக் காரணம் புரிந்தது. மூக்கு ஒழுகுகிறது என்று அந்தப் பிள்ளைகளை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், அவமானப்படுத்தியிருக்கிறார்கள். எப்படிச் சிந்துவது என்று யாரும் அமைதியாக, மரியாதையாகக் கற்றுக்கொடுத்ததில்லை.

குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் சொல்லும் நடைமுறைகளும் இதே மரியாதையில் நிற்கின்றன. கழற்றுவது முதலில் வரும், மாட்டுவது பின்னால் வரும். சாக்ஸைப் பிடுங்கி எறியும் ஒரு வயதுக் குழந்தை பாடத்தைத் தொடங்கிவிட்டது. இலாஸ்டிக் வைத்த டிரவுசரும் கழுத்தகலமான பனியனும் மூன்று வயதில் கைவரும். பட்டனுக்கு நான்கு வயதாகலாம், ஷூ லேஸுக்கு ஐந்தாறு. மாதக் கணக்கில் முன்பின்னாவது இயல்பு. கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுப்பது ஒரு நல்ல வழி. டிரவுசரை முட்டிவரை ஏற்றிவிட்டு, மிச்சத்தை இழுத்துக்கொள்ளும் வேலையை மட்டும் குழந்தையிடம் விடுவது. அது பழகியதும் ஒரு படி முன்னால் விடுவது. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தையாக இருக்கும். மூளைவாதத்தால் ஒரு கை வலுவிழந்த பிள்ளைக்கு அந்தக் கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்கச் சொல்கிறார்கள் சிகிச்சையாளர்கள். அந்தமான் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை ஈரத்தோடு இறுக்கமான சட்டை ஏறாது. தளர்ந்த பருத்திச் சட்டை குழந்தையின் பாதிச் சண்டையைக் குறைக்கும். இதில் எந்தப் படியிலும் ‘வெக்கமா இல்ல?’ என்ற கேள்வி எதையும் எளிதாக்குவதில்லை.

இதற்கு மதத்தின் பக்கமிருந்தே ஒரு கடுமையான எதிர்வாதம் எழலாம். உடையும் நாணமும் ஒட்டியவை இல்லையென்றால், உடையை ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? சமணத்தின் திகம்பர மரபு இதை முழு மூச்சோடு கேட்ட மரபு. தமிழ்ச் சமணர்கள் பெரும்பாலும் அந்த மரபினர். விழுப்புரம் மாவட்டத்தின் மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. துணியை வைத்திருப்பதும் உடைமைதான், அதை விட முடியாத வெட்கமும் பற்றுதான் என்பது அவர்கள் வாதம். புத்தர் மறுத்தார், ஆடையின்றி இருக்க அனுமதி கேட்ட துறவிக்கு அவர் இணங்கவில்லை என்று விநயநூல் சொல்கிறது. குளிர், வெயில், கொசு, காற்று இவற்றிலிருந்து காத்துக்கொள்ளவும் மறைக்க வேண்டியதை மறைக்கவும்தான் சீவரம், அலங்காரத்துக்கு இல்லை என்று நினைத்து உடுத்தும்படி பௌத்தத் துறவிக்குச் சொல்லப்படுகிறது.

இரண்டாயிரம் ஆண்டு விவாதம் இது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒன்று தெளிவாகத் தெரியும். திகம்பரத் துறவி ஒரே நாளில் துணியை எறிவதில்லை. சுல்லகராக இரண்டு துணியோடு தொடங்கி, ஐலகராக ஒரே கோவணத்தோடு நின்று, பிறகுதான் முனியாகிறார். உடுத்த நன்கு தெரிந்த ஒருவர் படிப்படியாக, தன் முடிவாக, விட்டுவிடும் காரியம் அது. 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர், வேட்டியைக் கிழித்துக் கோவணத்துக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்தார். அதுவும் அவருடைய தேர்வு. துறப்பதற்கு முதலில் தன்னுடையது என்று ஒன்று வேண்டும். உடையைத் தானே அணியத் தெரியாத பிள்ளைக்கு அணிவதும் சொந்தமில்லை, விடுவதும் சொந்தமில்லை. இரண்டும் பிறர் கையில் இருக்கின்றன. அதனால்தான் துறவைப் போற்றும் மரபும் உடுத்தும் பாடத்துக்கு எதிராக நிற்க முடியாது.

இன்னொரு எதிர்வாதம் வீட்டுக்குள்ளிருந்து வரும், அதைத் தள்ளிவிடக் கூடாது. காலம் கெட்டுக் கிடக்கிறது; குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே 2012இல் போக்சோ சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கம் இருந்தால்தானே பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளும் என்கிறார்கள் பெற்றோர். அவர்களுடைய பயம் உண்மையானது. ஆனால் பிள்ளைக்குத் தேவைப்படுவது, மேன் பார்த்த அந்தமானியப் பெண்களிடம் இருந்த மறைவுணர்வு: என் உடம்பு என்னுடையது, எப்போது யார் எதிரில் என்பது என் முடிவு. வெட்கம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். தன் உடம்பே அசிங்கம் என்று நம்பவைக்கப்பட்ட குழந்தை, தனக்கு நேர்ந்த கொடுமையையும் தன் குற்றமாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும். தன் ஜட்டியைத் தானே மாட்டிக்கொள்ளும் பிள்ளை, குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று அறிந்த பிள்ளை, ‘நானே போட்டுக்கிறேன், நீங்க போங்க’ என்று ஒரு மாமாவிடம் சத்தமாகச் சொல்லும் துணிவைப் பெறும்.

2012 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது. அந்தமான் டிரங்க் ரோட்டில், ஜாரவா காப்புக் காட்டில், ஆடையில்லாத ஜாரவாப் பழங்குடிப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லி யாரோ படம் பிடித்திருந்தார்கள். பார்த்தவர்கள் பலரும் வெட்கக்கேடு என்றார்கள். யாருடைய வெட்கம் என்று கேட்டால், வள்ளுவரின் வரையறையில் பதில் ஒன்றுதான். அந்தப் பெண்கள் செய்யத் தகாத எதையும் செய்யவில்லை. நாண வேண்டிய செயல் கேமராவின் பின்னால் நடந்தது. முழுக்க உடுத்தியவர்கள் செய்தது அது. பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் தண்டனைகள் அதே ஆண்டில் கடுமையாக்கப்பட்டன.

இன்றும் ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை வாகனங்கள் வரிசையாகத்தான் அனுமதிக்கப்படுகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. ரங்கத்துக்கோ மாயாபந்தருக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் பஸ்ஸும் அதில் ஒன்று. சாலையோரம் ஜாரவா ஒருவர் தென்பட்டால், நேற்றுதான் பட்டன் போடக் கற்ற பிள்ளை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்கும்: ‘அவங்க ஏன்ப்பா சட்டை போடல?’ அந்த நிமிடத்தில் தகப்பனார் என்ன சொல்கிறார் என்பது பிள்ளைக்குள் வெகுகாலம் தங்கும். ‘ஷேம்’ என்று சொன்னால், ஜாரவாக்களைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஒரே நேரத்தில் அது ஒரு தவறான பாடத்தைக் கற்கும்.

சொல்வதற்கு உண்மைகள் நிறைய இருக்கின்றன. சிவப்பு நூலை நெற்றியில் கட்டியிருப்பது அவர்களுடைய அலங்காரம். சிப்பி மாலை அவர்கள் கோத்தது. முகத்திலும் உடம்பிலும் உள்ள வெள்ளைக் கோடுகள் களிமண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தவை. வேட்டைக்குப் போகும் ஆண்கள் மரப்பட்டையால் மார்புக் கவசம் கட்டுவார்கள். அவர்களில் சிலர் இப்போது சட்டையும் அணிவதுண்டு. வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. இந்த மழைக் காட்டுக்கு என்ன வேண்டும் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். இதெல்லாம் நான்கு வயதுக்குப் புரியும். அடுத்த கேள்வியும் பெரும்பாலும் வரும்: அந்தக் கோடெல்லாம் அவங்களுக்கு யார் போட்டுவிடுவா, அவங்களே போட்டுப்பாங்களா?